குசினி சிங்க்கில் பூட்டிய மெசின் நாறுகிறது: கழற்ற முன் எங்கே பார்க்க வேண்டும்

உப்புவெளியில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருப்பது இதுதான். டொரண்டோவில் இருக்கிற அண்ணா போன வருடம் வந்தபோது குசினியைத் திருத்திக் கட்டி, சாப்பாட்டு மிச்சத்தை அரைத்துக் குழாயில் தள்ளுகிற மெசின் ஒன்றையும் சிங்க்குக்குக் கீழே பூட்டிவிட்டுப் போனார். முதல் இரண்டு மாதம் நன்றாக ஓடியது. இப்போது காலையில் குசினிக் கதவைத் திறந்தால் மீன் வெடுக்கு மூக்கில் அடிக்கிறது. சில நாட்களில் கக்கூஸ் குழி நாற்றமும் சேர்ந்து வருகிறது. தேசிக்காய்த் தோல் போட்டாயிற்று, அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றியாயிற்று, வாசனைத் திரவம் இரண்டு போத்தல் முடிந்தது. அம்மா அதைக் கழற்றி எறியச் சொல்கிறார். கழற்றவா, வைத்திருக்கவா?

தங்கச்சி, இன்றைக்கே கழற்ற வேண்டாம். நாற்றம் எங்கேயோ ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சுரண்டி எடுக்கும் வரைக்கும் மேலே எதை ஊற்றினாலும் இரண்டு மணித்தியாலத்துக்குத்தான் தாங்கும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டில் ஒன்றல்ல, இரண்டு நாற்றம் இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. அதனால்தான் ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றது போகாமல் இருக்கிறது.

நான் திருகோணமலையில் குழாய் வேலையும் கரண்ட் வேலையும் நீண்ட காலமாகச் செய்கிறேன். நிலாவெளி, அலஸ்தோட்டம் பக்கத்து விடுதிக் குசினிகளில் இந்த மெசினோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இப்போது இதை அடிக்கடி பார்க்கிறேன். அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்தின் ரசீன் நகரத்தில் ஜோன் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927ஆம் ஆண்டில் உருவாக்கிய யோசனை இது. உள்ளே மிக்ஸியில் இருப்பது போல கத்தி இருக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கத்தி கிடையாது. அடியில் ஒரு உருக்குத் தட்டு சுழல்கிறது. அதன் மேல் ஆடுகிற மாதிரி இரண்டு குட்டித் துண்டுகள் பூட்டியிருக்கும். தட்டு சுழலும்போது சாப்பாடு ஓரத்துக்கு வீசப்பட்டு, சுற்றிவர இருக்கிற பல் பல்லான வளையத்தில் உரசித் துகளாகிறது. துகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. தேங்காய்த் துருவலையை யோசித்துப் பாருங்கள், அதற்குக் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

இதிலிருந்து இரண்டு விசயம் தெரிய வேண்டும். ஒன்று, தண்ணீர் போதாவிட்டால் துகள் நகராது. மற்றது, சுழலும்போது சேறு போன்ற கலவை பக்கத்துக்கு மட்டும் போகாமல் மேலேயும் தெறிக்கிறது. தெறித்தது போய் ஒட்டுகிற இடத்தை யாரும் கழுவுவதில்லை. அதைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு சோதனை. இன்று இரவு படுக்கப் போகும் முன் சிங்க்கின் ஓட்டையை நன்றாக அடைத்து, மேலே ஒரு பொலித்தீனை விரித்து, ஓரத்தை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு டேப் ஒட்டுங்கள். குப்பை வாளியை வெளியே வையுங்கள். காலையில் கதவைத் திறக்கும்போது நாற்றம் இல்லை, டேப்பை உரித்தவுடன் வருகிறது என்றால் சிங்க்குக்குள்தான் விசயம். அடைத்து வைத்தும் நாறுகிறது என்றால் சிங்க்குக்கு வெளியே தேட வேண்டும்: கீழே அலுமாரிக்குள் கசிந்து ஊறிய பலகை, தரையில் இருக்கிற தண்ணீர் போகும் ஓட்டை, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற தட்டு. நிலாவெளியில் ஒரு விடுதியில் நாற்றம் போகவில்லை என்று சிங்க்கையே மாற்றிவிட்டார்கள், பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பெரிய பிரிட்ஜுக்குப் பின்னால் தரையில் ஒரு ஓட்டை, தண்ணீர் போகாமல் காய்ந்து கிடக்கிறது, குழிக் காற்று அதன் வழியாக நேராக ஏறி வருகிறது. அரை வாளி தண்ணீர் ஊற்றியதும் நின்றுவிட்டது. சிங்க்குக்குக் கொடுத்த காசை நினைத்து எனக்கே வயிறு எரிந்தது.

இன்னொன்று, உங்கள் மூக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒரே நாற்றத்தில் இருந்தால் மூக்கு பழகிவிடும். பக்கத்து வீட்டு ஆளைக் காலையில் கூப்பிட்டு மணந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, மீன் வெடுக்கு. சிங்க்கின் வாயில் பூ இதழ் மாதிரிக் கீறி வைத்த ஒரு கறுப்பு ரப்பர் இருக்கும். மேலே இருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். மெசினின் கரண்டை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த இதழ் ஒன்றை விரலால் மேலே மடக்கி, டோர்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பழுப்பும் கறுப்புமாக, சளி மாதிரி, ஒரு படை இருக்கும். விரலில் தொட்டு மணந்தால் உங்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. நான் பார்த்த பத்து வீட்டில் ஏழெட்டு வீட்டுக் கதை இதுதான். மேலே இருந்து எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அது இதழின் மேற்பக்கத்தால் வழிந்து நடுவால் இறங்கிவிடும், அடிப்பக்கத்தைத் தொடாது. நீங்கள் ஊற்றிய அப்பச்சோடாவும் வினாகிரியும் அதே வழியால்தான் போயிருக்கும்.

சில மொடல்களில் ரப்பரைக் கையால் இழுத்தாலே கழன்று வரும். அப்படி வந்தால் வெளியே எடுத்து, பாத்திரம் கழுவுகிற திரவம் கலந்த சுடுதண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் மடிப்பு மடிப்பாகத் தேயுங்கள். கழராத மொடல் என்றால் ஒவ்வொரு இதழாக மடக்கி அங்கேயே தேய்க்க வேண்டியதுதான். ரப்பரைச் சுற்றி இருக்கிற உலோகக் கழுத்தையும் விடாதீர்கள், அங்கேயும் அதே படை இருக்கும். பிளக் கழன்றிருக்க வேண்டும் என்று திரும்பவும் சொல்கிறேன். சுவிட்சை நிறுத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். குசினிக்குள் வருகிற யாராவது லைட் என்று நினைத்து அந்தச் சுவிட்சைத் தட்டிவிடலாம்.

அதற்குப் பிறகு உள்வயிற்றைக் கழுவ வேண்டும். ஓட்டையை அடைத்து, சிங்க்கில் பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்புங்கள். கொஞ்சம் பாத்திரத் திரவம் கலந்துகொள்ளுங்கள். மெசினை ஓடவிட்டு அடைப்பை ஒரேயடியாக இழுத்துவிடுங்கள். குழாயைத் திறந்து விடுகிற தண்ணீர் நடுவால் மட்டும் இறங்கும். இப்படி மொத்தமாக விடுகிற தண்ணீர் உள்ளே முழுக்க நிரம்பிச் சுழன்று, சுவர்களையும் ரப்பரின் அடியையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். படை தடிப்பாக இருந்தால் அதற்கு முன் ஒரு கோப்பை ஐஸ் கட்டியும் ஒரு கைப்பிடி கல்லுப்பும் போட்டு அரையுங்கள். ஐஸ் கத்தியைக் கூர்மையாக்கும் என்று சொல்வார்கள். கத்தியே இல்லாத இடத்தில் கூர்மையாக்க ஒன்றுமில்லை. ஆனால் ஐஸும் உப்பும் உரசிச் சுரண்டும் என்பது உண்மை.

கொதிக்கிற தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். கீழே இருப்பது பிளாஸ்டிக் குழாய், கொதிநீரில் இளகும், மூட்டு கழரும். கை பொறுக்கிற சூடு போதும்.

அப்பச்சோடாவும் வினாகிரியும் சேரும்போது நுரை பொங்குகிறதே, அது கரியமில வாயு. பார்க்க வேலை செய்வது மாதிரி இருக்கும். ஒன்று காரம், ஒன்று அமிலம், இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். தனித்தனியாகப் பாவித்தால் பயன் உண்டு. தேசிக்காயை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கடல்மீன் நாறுவதற்கு முக்கிய காரணம் டிரைமெத்திலமைன் என்ற பொருள். மீன் செத்த பிறகு பக்டீரியா அதை உண்டாக்குகிறது. அது காரத் தன்மையுள்ளது. புளிப்பு பட்டால் ஆவியாகாத உப்பாக மாறிவிடும், மூக்குக்கு வராது. மீனைப் புளியும் உப்பும் போட்டுக் கழுவுவது, பொரித்த மீனில் தேசிக்காய் பிழிவது, கையைத் தேசிக்காய்த் தோலால் தேய்ப்பது எல்லாம் இந்தக் கணக்குத்தான். எங்கள் அம்மாமார் இதைப் படிக்காமலே சரியாகச் செய்துவந்தார்கள். ஆகவே சளிப் படையைத் தேய்த்து எடுத்த பிறகு, அரைத் தேசிக்காயைப் பிழிந்து ரப்பரில் தடவி ஐந்து நிமிடம் விட்டுக் கழுவினால் மிச்ச வெடுக்கும் போகும். தோலை முழுதாக உள்ளே தள்ளாதீர்கள். சின்னத் துண்டு இரண்டு போதும், வாசனைக்கு. படை இருக்கும்போது தேசிக்காய் போட்டால் தேசிக்காய் மணக்கிற மீன் வெடுக்குத்தான் வரும்.

சுறாவும் திருக்கையும் வேறு மாதிரி. அவற்றின் உடம்பில் யூரியா அதிகம். அது உடைந்து அமோனியாவாகும்போது மூக்கை அரிக்கிற நாற்றம் வரும். உங்கள் வீட்டில் திருக்கை வாங்குகிற நாட்களில் கூடுதலாக நாறுகிறதா என்று கவனியுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். பிளீச்சையும் வினாகிரி, தேசிக்காய் போன்ற புளிப்பையும் ஒரே நேரத்தில் ஊற்றவே வேண்டாம். கக்கூஸ் கழுவுகிற அமிலத்தையும் அதனோடு சேர்க்க வேண்டாம். குளோரின் வாயு கிளம்பும். மூடிய குசினியில் அது நெஞ்சைப் பிடிக்கும், உயிருக்கும் ஆபத்து. அமோனியா உள்ள திரவத்தோடு பிளீச் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். அடைப்பு எடுக்க விற்கிற காஸ்டிக் சோடாவையும் இந்த மெசினுக்குள் போடாதீர்கள். அது தண்ணீரில் பட்டுச் சூடாகும், உள்ளே இருக்கிற ரப்பர் சீல்களைத் தின்றுவிடும். அதற்குப் பிறகு கரண்ட் மோட்டருக்குள் தண்ணீர் இறங்கும்.

இனி இரண்டாவது நாற்றம். கக்கூஸ் குழி மாதிரி, அழுகிய முட்டை மாதிரி வருகிறது என்றீர்களே, அது மெசினில் இருந்து வரவில்லை. அது ஐதரசன் சல்பைட்டு. காற்றுப் படாத இடத்தில், அதாவது குழிக்குள்ளும் சேறு அடைந்த குழாய்க்குள்ளும் உண்டாவது. அது வீட்டுக்குள் வராமல் தடுப்பது சிங்க்குக்குக் கீழே வளைந்திருக்கிற குழாய்த் துண்டில் எப்போதும் நிற்கிற ஒரு மடக்குத் தண்ணீர். அலெக்சாண்டர் கமிங் என்ற கடிகாரக்காரர் 1775ஆம் ஆண்டில் லண்டனில் இந்த வளைவோடு கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை எடுத்தார். அந்த வளைவில் இரண்டு அங்குல உயரத் தண்ணீர் நின்றால் போதும், குழிக் காற்று மேலே வராது. தண்ணீர் போனால் வழி திறந்துவிடும்.

அது போவதற்கு இங்கே மூன்று காரணம் கண்டிருக்கிறேன். முதலாவது காய்ந்துபோவது. வைகாசியில் இருந்து புரட்டாதி வரைக்கும் கச்சான் அடிக்கும்போது எங்கள் ஊர்க் காற்று எவ்வளவு வறண்டது என்று உங்களுக்குத் தெரியும். தினமும் பாவிக்கிற சிங்க் காயாது. ஆனால் மாடியில் யாரும் பாவிக்காத குளியலறை, வெளிநாட்டுக்காரர் வந்தால் மட்டும் திறக்கிற அறை, தரையில் இருக்கிற ஓட்டை எல்லாம் சில வாரங்களில் காய்ந்துவிடும். கிழமைக்கு ஒரு தடவை ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினால் போதும். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு மாதம் போகிறீர்கள் என்றால் தண்ணீர் ஊற்றிய பிறகு இரண்டு கரண்டி சமையல் எண்ணெயும் ஊற்றிவிட்டுப் போங்கள். எண்ணெய் மேலே படர்ந்து நின்று தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கும். எண்ணெய் குழாய்க்குள் ஊற்றலாம் என்று நான் சொல்கிற ஒரே இடம் இது.

இரண்டாவது, வளைவே இல்லாமல் இருப்பது. இங்கே கடைகளில் வளையம் வளையமாக இழுத்து நீட்டக்கூடிய பிளாஸ்டிக் குழாய் விற்கிறார்கள். மலிவு, பூட்டவும் லேசு. அதை வளைத்து ஒரு கம்பியால் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நாள் போக அது தொங்கி, வளைவு நேராகிவிடும். அது நேராகாவிட்டாலும், உள்பக்கம் முழுக்க மடிப்பு. மெசின் அரைத்துத் தள்ளுகிற துகள் ஒவ்வொரு மடிப்பிலும் தங்கி அழுகும். இந்த மெசின் பூட்டிய இடத்தில் அந்தக் குழாய் இருக்கவே கூடாது என்பது என் முடிவான கருத்து. கீழே குனிந்து பாருங்கள், உங்களுடையது அதுவாக இருந்தால் உடனே உள்பக்கம் வழவழப்பான, ஒழுங்கான வளைவுக் குழாய்க்கு மாற்றுங்கள். அரை நாள் வேலை. நல்ல வளைவு ஏற்கெனவே இருந்தால், கீழே வாளி வைத்து, கையால் திருகி நட்டைக் கழற்றி, போத்தல் கழுவுகிற பிரஷால் தேய்த்துவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள். வாசரைக் கவனம், தலைகீழாகப் போட்டால் கசியும்.

மூன்றாவது, உறிஞ்சப்படுவது. மெசின் ஒரேயடியாகத் தண்ணீரைத் தள்ளும்போது, பின்னால் காற்று வருவதற்கு வழி இல்லாவிட்டால், வளைவில் இருக்கிற தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஓடி முடிந்ததும் “களக் களக்” என்று சத்தம் கேட்கிறதா? கேட்டால் இதுதான். வெளிச்சுவரில் ஒரு காற்றுக் குழாயைக் கூரை மட்டத்துக்கு மேலே ஏற்றிவிட்டால் தீரும். அதுவரைக்கும் மெசினை நிறுத்திய பிறகு குழாயை மெல்லத் திறந்து ஒரு கோப்பை தண்ணீர் விடுங்கள், வளைவு நிரம்பிவிடும்.

இப்போது உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்த விசயம். மெசின் டொரண்டோவில் வாங்கியதா, இங்கே வாங்கியதா? கனடாவில் கரண்ட் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஹேர்ட்ஸ் என்பது கரண்ட் ஒரு வினாடியில் எத்தனை தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது என்ற கணக்கு. கனடாவில் இருந்து வந்த மெசினுக்கு இங்கே ஒரு டிரான்ஸ்போமர் வைத்து ஓடவிடுவார்கள். டிரான்ஸ்போமர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. இந்த வகை மெசின்களில் நிறைய இன்டக்‌ஷன் மோட்டர்தான். அதன் வேகம் ஹேர்ட்ஸைப் பொறுத்தது. கனடாவில் நிமிடத்துக்கு 1725 சுற்று சுற்றியது இங்கே ஏறக்குறைய 1440க்கு இறங்கிவிடும். ஆறில் ஒரு பங்கு வேகம் போனால் வீசுகிற பலம் அதைவிடக் கூடக் குறையும். சாப்பாடு நன்றாக அரையாமல் பெரிய துகளாகப் போகும், கொஞ்சம் உள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். அதோடு மோட்டரும் அளவுக்கு மீறிச் சூடாகும். சூடான வயிற்றுக்குள் மீன் குடல் கிடந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மெசினின் அடியில் அல்லது பக்கத்தில் ஒட்டியிருக்கிற தகட்டில் வோல்ட்டும் ஹேர்ட்ஸும் எழுதியிருக்கும். 120, 60 என்று இருந்தால் அண்ணாவிடம் சொல்லுங்கள். எடை குறைவான, கீச்சென்று சத்தம் போடுகிற சில மொடல்களில் காந்த மோட்டர் இருக்கும், அவற்றுக்கு ஹேர்ட்ஸ் வித்தியாசம் அவ்வளவாகப் பாதிக்காது. மற்றவற்றுக்கு டிரான்ஸ்போமர் தீர்வாகாது. அன்போடு சுமந்து வந்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் இந்த மெசின் வேண்டும் என்றால் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் மொடல்தான் சரி.

டிரான்ஸ்போமர் சிங்க்குக்குக் கீழேயே இருந்தால், நாற்றத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் அதை அங்கிருந்து எடுத்து உயரத்தில் காய்ந்த சுவரில் பூட்டச் சொல்லுங்கள். வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மெசின் திடீரென்று நின்றால் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டு அதை அழுத்தினால் திரும்ப ஓடும். உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் எதுவோ இறுகிவிட்டது. பிளக்கைக் கழற்றி, நிறைய மொடல்களில் அடியில் நடுவில் இருக்கிற ஆறு மூலை ஓட்டைக்குள் அலன் சாவியை விட்டு இரண்டு பக்கமும் திருப்புங்கள். கையை உள்ளே விடாதீர்கள், கொறட்டால் எடுங்கள்.

அடுத்தது, உள்ளே என்ன போடுவது. மீன் செதிலும் குடலும் தினமும் இதற்குள் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள். செதில் இந்த மெசினில் அரையாது, தகடு தகடாக வளைவில் போய் ஒட்டும். இறால் தோலும் நண்டுக் கோதும் அப்படித்தான். முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பொத்தி, இரம்பை, தேங்காய்த் தும்பு எல்லாம் நார், தட்டில் சுற்றிக்கொள்ளும். பலாக்காய்ப் பால் பட்டால் ரப்பரும் வளையமும் பிசின் பிடித்துவிடும், பிறகு எல்லாம் அதில் ஒட்டும். சோறும் இடியப்பமும் கொஞ்சம் என்றால் பரவாயில்லை, ஒரு சட்டி மிச்சத்தைத் தள்ளினால் களியாகிக் குழாயை அடைக்கும். கோப்பையில் மிஞ்சிய கறித் துணுக்கு, நறுக்கிய மரக்கறி ஓரம், பழத் துண்டு, இவ்வளவுதான் இதற்கு உணவு. கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீரை முதலில் திறந்துவிட்டு, அரைக்கிற சத்தம் நின்ற பிறகும் அரை நிமிடம் தண்ணீர் ஓட வேண்டும்.

மெசினோடு வந்த புத்தகத்தில் குளிர் தண்ணீர் விடச் சொல்லியிருக்கும். கொழுப்பு உறைந்து துகளாகிப் போகட்டும் என்பது காரணம். அது கனடாக் குழாய்த் தண்ணீருக்குச் சரி. எங்கள் கூரைத் தாங்கியில் இருந்து மத்தியானம் வருகிற தண்ணீர் கையைச் சுடுகிறது. தேங்காயெண்ணெய் 24 பாகையளவில் உருகிவிடும், ஆகவே இங்கே பகலில் அது உறையவே மாட்டாது, வழிந்து போய்க் குழியில்தான் மிதக்கும். அதனால் எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றவே வேண்டாம். பொரித்த எண்ணெயையும் இறைச்சிக் கொழுப்பையும் ஒரு பழைய டின்னில் ஊற்றி வையுங்கள், சட்டியைக் கடதாசியால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

குழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்புவெளி மணல் தரை, மாரியில் நிலத்தடித் தண்ணீர் மேலே வந்துவிடும், வளவுக்குள்ளேயே கிணறும் இருக்கும். மெசின் அரைத்துத் தள்ளுவது எல்லாம் உங்கள் குழியில்தான் சேர்கிறது. பெரிய நகரங்களில் அது நிலத்தடிச் சாக்கடையில் போய், சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். இங்கே போக வேறு இடமில்லை. அடியில் சேறும் மேலே கொழுப்புப் படையும் வேகமாகத் தடிக்கும், பவுசரை அடிக்கடி கூப்பிட வேண்டி வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழி நிரம்பினால் நாற்றம் முதலில் தெரிவது தாழ்வான ஓட்டை வழியாகத்தான். கழுவியும் வளைவை மாற்றியும் முட்டை நாற்றம் போகவில்லை என்றால் குழியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் குனிந்து பார்க்க வேண்டாம், அந்தக் காற்று ஆபத்து.

மீன் கழிவுக்கு எங்கள் வழக்கமே நல்லது. வாழையடியில் அல்லது தென்னையடியில் ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டி, போட்டு, மேலே சாம்பல் தூவி, மண் மூடி, ஒரு கல்லை ஏற்றிவிடுங்கள். கல் வைக்காவிட்டால் இரவில் நாய் கிளறிவிடும். கிணற்றில் இருந்து தள்ளிப் புதையுங்கள். வளவு இல்லாத, டவுனில் மாடி வீட்டில் இருப்பவர்கள் மீன் கழிவை ஒரு மூடிய பெட்டியில் போட்டுப் பிரீசரில் வைத்து, உக்கக்கூடிய குப்பை எடுக்கிற நாள் காலையில் வெளியே கொடுக்கலாம். உறைந்திருக்கும்போது அது நாறாது. ஒரு பத்துப் பாகை வெப்பம் கூடினால் அழுகுகிற வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று கணக்கு. கச்சான் காலத்தில் வாளியில் வைத்த இறால் தோல் மத்தியானத்துக்குள் நாறுவதும் அதனால்தான். டவுனில் இருப்பவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். சாப்பாட்டு மிச்சத்தைப் பொலித்தீனில் முடிந்து ரோட்டோரம் வைக்காதீர்கள். மான்கள் அதைப் பையோடு சேர்த்துத் தின்றுவிடுகின்றன. கோட்டையடியிலும் கடற்கரையிலும் திரிகிற அந்த மான்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர் நாங்கள். வயிற்றில் பொலித்தீன் அடைத்து ஒரு மான் கிடக்கிறதைப் பார்த்தால் உங்களுக்கும் தாங்காது.

ஆக, உங்கள் வீட்டில் செய்ய வேண்டியதை இந்த ஒழுங்கில் செய்யுங்கள். இன்று இரவு டேப் சோதனை. நாளை ரப்பரும் கழுத்தும் தேய்த்து, சிங்க்கை நிரப்பி மூன்று தடவை விடுவது. அன்றே கீழே குனிந்து வளைவையும் மெசினின் தகட்டையும் பார்ப்பது. அதற்குப் பிறகு ஒரு கிழமை மீன் கழிவு எதுவும் உள்ளே போகாமல் ஓடவிடுங்கள். கிழமைக்கு ஒரு தடவை ரப்பரைத் தேய்ப்பதை, விளக்கு மினுக்குகிற வெள்ளிக்கிழமையோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது.

அந்த ஒரு கிழமையில் நாற்றம் நின்றுவிட்டது, தகட்டில் 230, 50 என்று இருக்கிறது என்றால் வைத்திருங்கள். தகட்டில் 120, 60 என்று இருந்தால், அல்லது உங்கள் குழி சின்னது, ஏற்கெனவே மாரியில் பொங்குகிறது என்றால், அம்மா சொல்வதுதான் சரி, கழற்றிவிடுங்கள். கழற்றுவது பெரிய வேலை இல்லை. சிங்க்கின் வாய்க்குச் சல்லடையோடு கூடிய சாதாரண மூடி, கீழே வழவழப்பான வளைவுக் குழாய், மெசினுக்கு வந்த கரண்ட் வயரை வயரிங் தெரிந்தவர் ஒருவர் முனை மூடிப் பெட்டிக்குள் அடைத்துவிட வேண்டும். வயரை அப்படியே தொங்கவிட்டுப் போகிற பாஸ்மாரை நான் கண்டிருக்கிறேன், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். தகட்டையும் வளைவையும் படம் எடுத்து வையுங்கள். அண்ணாவிடம் பேசும்போது படத்தைக் காட்டினால் அவருக்கும் விளங்கும், மனவருத்தமும் வராது.